இருபத்தாறு நிமிடப் பேச்சு

காலை ஏழேகால் மணிக்கே மாமியாரின் கைத்தடி சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டது. உள்ளே மருமகள் தரையில் உட்கார்ந்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள். பால் பொங்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள். அதுவும் பொறுக்கவில்லை கிழவிக்கு.

"மகாராணிக்கு இன்னைக்கும் வலியோ... எனக்குத் தெரியும். பெரிய ஆர்டர்னு ஒண்ணு வந்தா போதும், உனக்கு வயித்துல வந்து உட்கார்ந்துக்கும்."

"பால் பொங்கினதும் எழுந்துடறேன் அத்தை."

"டாக்டரே பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லி ஏழு வருஷம் ஆச்சு. ஒண்ணும் இல்லாத வயித்தைப் புடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குடி உட்காரப் போற?"

டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லியாச்சு... அந்த வீட்டில் யாருக்கு எது மறந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் மறக்காது. அவள் கொஞ்சம் குனிந்து நடந்தால் மாமியார் சொல்லுவாள். தைக்கும்போது கண்ணை மூடிப் பல்லைக் கடித்தால் புருஷன் சொல்லுவான். அவளுக்கு வலிக்கிறதா என்று அவளைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாடியில் குடித்தனம், கீழே கடை. திரைச்சீலை தைக்கிற கடை. வீட்டு ஜன்னல், ஆஸ்பத்திரிக் கட்டில் மறைப்பு, பள்ளிக்கூட மேடை என்று எதற்குத் திரை வேண்டுமானாலும் அங்கேதான் வருவார்கள். துணி வெட்டுவது அவள் புருஷன். எல்லோரும் அவனை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்தால் ஊரையே அவன்தான் அளந்து கொடுத்தது போல இருக்கும். வெட்டுவதற்கு ஒரு நாள். தைப்பதற்கு நான்கு நாள். அந்த நான்கு நாளும் மருமகளுடையது. கனமான வெல்வெட்டில் மடிப்புப் பிசகாமல் தைக்க அந்தத் தெருவிலேயே அவளை விட்டால் ஆளில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது மாஸ்டரின் படம்.

மாஸ்டரின் அக்கா ஒருத்தி. புருஷன் போன பிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். ஆர்டர் நோட்டு அவள் கையில் இருந்ததால் ஊரே அவளை நோட்டக்கா என்றது. பிறகு மாஸ்டரின் தம்பி. மருந்துக் கடையில் பில் போடுகிறவன். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. மாத்திரைப் பெயர்களைத் தடங்கல் இல்லாமல் சொல்லுவான் என்பதற்காக வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பட்டம். ஏழு வருஷமாக மருமகளின் வலிக்கு அவன்தான் வைத்தியம். ஓரம் கத்தரித்த அட்டை அட்டையாக மாத்திரையைக் கொண்டுவந்து, "இதைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாருங்க" என்று நீட்டுவான். ஒரு தடவைகூட எங்கே வலிக்கிறது என்று கேட்டதில்லை.

எட்டு மணிக்கு அந்த வீட்டில் 'கேட்பு' நடக்கும். அது அவர்களே வைத்துக்கொண்ட பெயர். பல வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர் போனில் ஏழடி என்று சொல்லிவிட்டு, தைத்துக் கொடுத்ததும் ஒன்பதடி என்று சொன்னேனே என்று சாதித்துவிட்டார். அன்றிலிருந்து ஆர்டர் போனில் வருகிற பேச்சு, போகிற பேச்சு எல்லாமே தானாகப் பதிவாகும்படி செய்துவைத்தார்கள். தினமும் காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன், எல்லோரும் வெட்டு மேஜையைச் சுற்றி நிற்க, முதல் நாள் பேச்சுகளை நோட்டக்கா ஒவ்வொன்றாக ஒலிக்க விடுவாள். அளவுகளை நோட்டில் எழுதுவாள். அந்த வீட்டில் பதிவில் இருந்தால்தான் அது சொன்னது. பதிவில் இல்லையென்றால் சொல்லவே இல்லை.

அன்று கேட்புக்கு நோட்டக்கா நோட்டைத் திறக்கவே இல்லை. போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பல நாளாகத் தேடிய ஊசி கிடைத்துவிட்ட மாதிரி.

"நேத்து மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ஒரு போன் வந்திருக்கு. புது நம்பர். இருபத்தாறு நிமிஷம் பேச்சு. நாம எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ இவ போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கா."

மருமகளுக்கு முகம் வெளுத்தது. நேற்று பேசி முடித்த பிறகுதான் பதிவு ஞாபகம் வந்தது. அழிக்கப் பார்த்தாள். அழிப்பதற்கான ரகசிய எண் நோட்டக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"யாருகிட்ட பேசின?" என்றான் மாஸ்டர்.

"வேற யாரு, எதிர்க்கடைக்காரன்தான்" என்றாள் நோட்டக்கா. "போன மாசம் தெருவுல நிறுத்தி, உன் கை வேலைக்கு நான் தனி மெஷின் போட்டுத் தரேன்னு சொன்னானாமே. இன்னைக்கு சாயங்காலம் பள்ளிக்கூட மேடைக்குத் திரை ஏத்தணும். மூணு மடிப்பு இன்னும் பாக்கி. இந்த நேரத்துல நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போகப் பேசி முடிச்சிருக்கா. அளவு சொல்ல மூணு நிமிஷம் போதும்டா தம்பி. இருபத்தாறு நிமிஷம் என்ன பேச்சு?"

"அதானே பார்த்தேன்" என்றாள் மாமியார். "வலி வலின்னு அடி போட்டதெல்லாம் இதுக்குத்தானா... உண்ட வீட்டுக்கு இப்படியும் ஒருத்தி பண்ணுவாளா."

"எதிர்க்கடை இல்ல" என்றாள் மருமகள்.

"அப்ப யாரு?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் அங்கேதான் சுவரில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் முன்னால் என்னவென்று சொல்லுவாள்... "நீங்க நினைக்கிறது அதுல இல்ல. என்னை நம்புங்க. அதைப் போடாதீங்க."

"ஏன் போடக் கூடாது? மடியில கனம் இருக்கோ?" என்று சிரித்தான் வீட்டு டாக்டர்.

மருமகள் புருஷனைப் பார்த்தாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவன். ஒரு வார்த்தை, அவளை நம்பறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் கழுத்து டேப்பை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டு, "போடு அக்கா, கேட்டுடலாம்" என்றான்.

அந்த நொடியில் மருமகளுக்குள் என்னவோ அறுந்தது. பயம் போய்விட்டது. அருவருப்புதான் மிச்சம் இருந்தது. இவர்களுக்கு முன்னால் மறைத்து வைப்பதற்குத் தன்னிடம் என்ன மரியாதை பாக்கி இருக்கிறது என்று தோன்றியது.

"சரி, போடுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. போட்டா பாதியில நிறுத்தக் கூடாது. முழுசா கேக்கணும்."

நோட்டக்கா அழுத்தினாள்.

"வணக்கம்மா. பெண்களுக்கான போன் ஆலோசனையில இருந்து டாக்டர் பேசறேன். அடிவயித்து வலின்னு பதிவு பண்ணியிருந்தீங்க. உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு, சரியா?"

மேஜையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். அவசரப்படாத குரல்.

இரண்டு வாரம் முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் கட்டில் மறைப்புக்கு அளவெடுக்கப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த தாளில் பார்த்த எண் அது. அடிவயிற்று வலியா, பெயரும் வயதும் மெசேஜில் அனுப்புங்கள், டாக்டரே போனில் கூப்பிடுவார் என்று எழுதியிருந்தது. கட்டில் அளவு எழுதிய சீட்டின் பின்பக்கம் அந்த எண்ணைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு வந்தாள். கடை போனிலிருந்து அந்த மெசேஜை அனுப்பத் தைரியம் வர இரண்டு வாரம் ஆயிற்று. அவளுக்கென்று தனிப் போன் கிடையாது. வீட்டிலேயே இருக்கிறவளுக்கு எதற்கு என்று மாஸ்டர் ஒரு தடவை கேட்டான், அத்தோடு சரி.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா? தனியா, தாராளமா பேச முடியுமா?"

"மொட்டை மாடியில இருக்கேன் டாக்டர். யாரும் கேக்க மாட்டாங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமினான். பதிவு ஓடியது. வலி எங்கே, முதுகுக்குப் போகிறதா, தொடைக்கு இறங்குகிறதா, மாதவிடாய் எப்போது வந்தது, எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, சிறுநீர் போகும்போது எரிகிறதா, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா... டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருமகளின் குரல் முதலில் தயங்கியது, பிறகு தெளிந்தது. இப்படி வரிசையாக, அக்கறையாக, அவள் உடம்பைப் பற்றி ஒருவர் விசாரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"புருஷனோட சேர்ந்து இருக்கறப்போ வலி இருக்கா?"

"போதும், நிறுத்து அக்கா" என்றான் மாஸ்டர். காது மடல்கள் சிவந்துவிட்டன.

நோட்டக்காவின் கை போனுக்குப் போனது. மருமகள் தன் கையை அதன் மேல் வைத்தாள். "முழுசா கேக்கணும்னு சொன்னேனே. நீங்கதானே போடச் சொன்னீங்க."

"இருக்கு டாக்டர்" என்றது மேஜையிலிருந்து அவள் குரல். "ரொம்ப வருஷமா."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஒரு தடவை சொன்னேன். மூணு நாள் பேசல. அப்புறம் சொல்றதில்ல."

மாஸ்டருக்குத் தலையைத் தொங்கப் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது. துணியில் அரை அங்குலம் கூடிவிட்டால் கண்டுபிடித்துக் கத்துகிறவன்.

"மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?"

"ஒரு நாளைக்கு நாலு. வேலை அதிகமா இருந்தா ஆறு."

"ஆறா... யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"எங்க வீட்ல டாக்டர் இருக்காரு."

"அப்படியா, எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?"

"மருந்துக் கடையில பில் போடறாரு. வீட்ல டாக்டர்னு கூப்பிடுவோம்."

டாக்டரம்மாவின் குரல் கறாரானது. "அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பில்லை மட்டும் போடட்டும். இப்படித் தினமும் முழுங்கினா குடல் புண்ணாகும், கிட்னி கெட்டுப்போகும். இன்னையில இருந்து நான் சொல்ற அளவுக்கு மேல ஒண்ணுகூடப் போடாதீங்க."

சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். கடைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தான். தினமும் ஒன்பதரைக்குக் கிளம்புகிறவன் எட்டு மணி பத்து நிமிஷத்துக்கே செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினான். டாக்டர் பட்டம் அன்றோடு முடிந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை.

"இத்தனை வருஷத்துல யாரும் பரிசோதனை பண்ணலையா?"

பதிவில் ஒரு பெருமூச்சு கேட்டது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டியின் ஹாரன் ஒலித்தது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

"பண்ணாங்க டாக்டர். ஏழு வருஷம் முன்னாடி. ஸ்கேன்ல சினைப்பையில கட்டி இருக்குன்னு சொன்னாங்க. ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும், அப்புறம் ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாதுன்னாங்க."

"பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்ல. அன்னைக்கு சாயங்காலம் சீட்டோட வீட்டுக்கு வந்தா, மாமியார் மாடிப்படிக்குக் கீழ விழுந்து கெடக்காங்க. இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு. அஞ்சு மாசம் படுக்கை. தூக்கி உட்கார வைக்கணும், தூக்கிக் கழுவி விடணும்... என்னை விட்டா யாரும் இல்ல. பெத்த பொண்ணு அப்போ புருஷன் வீட்ல இருந்தாங்க, ரெண்டு நாள் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. நான் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துட்டா அவங்க கதி என்னன்னு... ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு வீட்ல கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கன்னு நானே சொல்லிட்டேன். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

மாமியாரின் கைத்தடி மேஜைக் காலில் இடித்து நின்றது.

"அவங்க நடக்க ஆரம்பிச்சப்புறம் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லிப் பார்த்தேன் டாக்டர். வலிக்குதுன்னு வாயைத் திறந்தாலே, டாக்டரே ஒண்ணும் இல்லைன்னாங்களேன்னு அவங்க சொல்லுவாங்க. அந்தப் பொய் நான் சொன்னது. அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல. அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, இப்ப சொல்றதும் பொய்தானேன்னு கேப்பாங்க. இந்த வீட்டைப் பத்தி எனக்குத் தெரியும்."

நோட்டக்கா முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, அவமானமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெத்த பொண்ணு ரெண்டு நாள் என்ற இடத்திலேயே அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "இங்க பாருங்கம்மா. போன்ல பேசி இது இன்னதுதான்னு என்னால முடிவு சொல்ல முடியாது. வயித்தை அழுத்திப் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். ஆனா ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். இது உங்க கற்பனை இல்ல. இது நெஜமான வலி. நாளைக்குப் பத்தரைக்கு நேர்ல வாங்க. அதுக்குள்ள திடீர்னு தாங்க முடியாத வலி, மயக்கம், காய்ச்சல், விடாத வாந்தி, நிக்காத ரத்தப்போக்கு... இதுல எது வந்தாலும் பத்தரைக்குன்னு காத்திருக்காதீங்க. எந்த நேரமா இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பதிவில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. நெஜமான வலி என்ற சொல்லுக்குத்தான் அந்த அழுகை. ஏழு வருஷம் காத்திருந்து, முகம் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து கிடைத்த சொல். டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"கூட யாரு வருவாங்க? உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தர் பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பதிவு ஓடியது. மெஷின்கள் நின்றிருந்த அந்தக் கடையில், மேஜையைச் சுற்றி நின்ற மூன்று பேரும் தங்கள் பெயர் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெட்கமில்லாதவர்கள்.

"அப்படி யாரும் இல்ல டாக்டர்" என்றாள் பதிவில் இருந்தவள். "நான் தனியாவே வந்துக்கறேன்."

பேச்சு முடிந்தது. யாரும் போனைத் தொடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல..." என்றான் மாஸ்டர்.

"பதினாறு வருஷமா உங்க பக்கத்துலதான் படுத்திருக்கேன். வயிறு வலிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே கணக்கு இல்ல. என்ன பண்றது, அதெல்லாம் பதிவாகல. வாடிக்கைக்காரன் ஜன்னலுக்கு இருக்கிற மதிப்புகூட என் வாய்க்கு இந்த வீட்ல இல்ல."

"நான் வேணா பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, திரையை நாளைக்குத் தரேன்னு சொல்லிடறேன். நானும் கூட வரேன்."

தன் கிட்னியையே எடுத்துக் கொடுப்பவன் போல அதைச் சொன்னான். ஏழு வருஷத்துக்குப் பதிலாக ஒரு நாள் தவணை. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனுக்குப் பயந்தா வலியை விழுங்கினோம் என்று வியப்பாக இருந்தது.

"வேண்டாம். நீங்க திரையைத் தைங்க. தைக்கத் தெரிஞ்சா."

நோட்டக்கா முன்னால் வந்தாள். "நான் தெரியாம பேசிட்டேன்... நான் வரேன் உன்கூட."

"நீங்க நோட்டைப் பாருங்க அக்கா. இன்னைக்கு எழுதறதுக்கு நிறைய இருக்கு."

மாடிக்குப் போய்ப் புடவை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதி தைத்த வெல்வெட் மெஷின் மேல் அப்படியே கிடந்தது. அதைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

பத்தடி போவதற்குள் பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நடையையும் குறைக்கவில்லை. கண்ணாடிக் கடை, பூட்டு ரிப்பேர் கடை, பேக்கரி எல்லாம் தாண்டினாள். தடிச் சத்தம் தூரமாகியது, நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவள் காத்திருந்தாகத்தானே வேண்டும். அங்கே வந்து சேர்ந்தாள் மாமியார். மூச்சு இரைத்தது. இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. ஒன்று தன்னுடையது, ஒன்று மகளுடையது.

"வீட்டுக்குப் போங்க அத்தை."

"போக மாட்டேன்." கிழவியின் குரலில் மன்னிப்பு இல்லை, ஆத்திரம் இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் முதலில் கோபத்தைத்தான் எடுப்பார்கள். "ஏண்டி பொய் சொன்ன? எனக்காக உன் உடம்பைக் கெடுத்துக்கோன்னு உன்னை யாருடி கேட்டா?"

"நீங்கதான் கேட்டீங்க."

"நானா?"

"விழுந்து மூணாம் நாள். என் கையைப் புடிச்சுக்கிட்டு, நீ என்னை விட்டுட்டு எங்கேயும் போயிடாதடின்னு அழுதீங்க. சத்தியம் பண்ணச் சொன்னீங்க. பண்ணேன்."

மாமியார் நெற்றியைச் சுருக்கினாள். நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. அஞ்சு மாசம் தன்னைக் குழந்தை மாதிரி தூக்கிச் சுமந்தவளிடம் வாங்கிய சத்தியம், அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவள் முகம் கோணியது.

"எனக்கு மறந்தே போச்சுடி..."

"தெரியும்" என்றாள் மருமகள். பஸ் வந்தது. ஏறினாள். கிழவியும் கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறினாள். அவளுக்குக் கை கொடுக்கவில்லை மருமகள்.

ஆஸ்பத்திரி மேஜையில் இருந்த பெண் பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு, "கூட வந்திருக்கறவங்க யாரு? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

மாமியார் மருமகள் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்று சொல்லிவிட வாய் வந்தது. சொல்லத் துணிச்சல் வரவில்லை. கூட வரவில்லை, வெளியே நிற்கிறேன் என்று சொல்லித் திரும்புவதற்குக்கூடத் தயாராகத்தான் நின்றாள்.

"மாமியார்னு எழுதிக்கோங்க" என்றாள் மருமகள்.

அதற்கே கிழவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

போனில் பேசிய அதே டாக்டரம்மாதான் உள்ளே இருந்தாள். பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மாமியார் மர பெஞ்சின் நுனியில், மருமகளின் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததும் தடியை ஊன்றி எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

பழக்க தோஷம்... மருமகளின் வாயில் அந்த வார்த்தை வந்தே விட்டது. ஒண்ணும் இல்லை என்பது சொல்லச் சுலபமானது. சொன்னால் யாரும் அழ மாட்டார்கள், யாருக்கும் சிரமமில்லை, சாயங்காலம் மூன்று மடிப்பும் தைத்து முடிந்துவிடும். அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"கட்டி இருக்கு. ஏழு வருஷம் முன்னாடி எலுமிச்சம்பழம் அளவுன்னாங்க. இப்ப ஆரஞ்சு அளவு ஆயிடுச்சு. பக்கத்துல இருக்கறதோடெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அடுத்த வாரம் ஆபரேஷன். எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் மத்ததெல்லாம் தெரியும்னாங்க. பயமா இருக்கு அத்தை. அப்புறம் ஆறு வாரம் நான் மெஷின் பக்கம் போக முடியாது. குனிய முடியாது, தூக்க முடியாது. என்னைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேணும்."

ஒன்றையும் மறைக்கவில்லை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் உடம்பே இறங்கிப்போன மாதிரி இருந்தது.

"என்னை மன்னிச்சுடுடி" என்றாள் மாமியார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னதால் அது சரியாகக்கூட வரவில்லை. "நான் வாயைக் கொட்டிக்கிட்டே இருந்தேன்... தெனம் காலையில வந்து நின்னுக்கிட்டு..."

"நின்னீங்க" என்றாள் மருமகள். இல்லை அத்தை, பரவாயில்லை அத்தை என்று அவள் சொல்லவில்லை. கிழவி அழட்டும் என்று விட்டாள். அது அவள் அழ வேண்டிய அழுகை.

அப்போது வலி வந்தது. எப்போதும் வருகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து முறுக்கிக்கொண்டு, முதுகைப் பிடித்து இழுத்தது. வழக்கமாக அவள் சுவரைத் தேடுவாள், அல்லது மெஷின் மேஜையை. முகம் மாறாமல் பார்த்துக்கொள்வாள். இன்று முகம் மாறியது. வாய்விட்டு முனகினாள். நடைபாதையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாமியார் தடியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தாங்குவீங்களா?" என்றாள் மருமகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சாஞ்சுக்கோ" என்றாள் கிழவி.

மருமகள் தன் முழு பாரத்தையும் அவள் மேல் போட்டாள்.